பயம் என்ற சொல் வராத கட்டுரை

எழுதப் பழகுகிற உங்களில் ஒருவர், ராஜபாளையத்தில் பூட்டிக் கிடக்கும் பஞ்சுக் கிடங்கு ஒன்றைப் பற்றி எழுதிய கட்டுரையைப் போன வாரம் எனக்கு அனுப்பியிருந்தார். வாசிக்கிறவருக்கு உள்ளூர ஒரு கலக்கம் வர வேண்டும், வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றிவிட்டு வாசிக்க உட்கார்ந்தேன். முதல் பத்தியிலேயே அமானுஷ்யமான அமைதி இருந்தது. அடுத்ததில் உறைய வைக்கும் இருள். அதற்கடுத்ததில் முகம் தெரியாத ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டது. நடுவில் எழுந்துபோய் இட்லி வெந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்தேன். கலக்கத்தில் இருக்கிறவள் அப்படி எழுந்து போக மாட்டாள்.

கட்டுரை மோசமில்லை. மொழி சுத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கிடங்கில் எந்த இடத்தில் நின்றபோது எழுதியவருக்கு ஒரு மாதிரி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இருந்ததா என்பதும் தெரியவில்லை.

நான் வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்புக்கு எழுதியவள். செய்தியாளர்கள் நடந்ததைக் கொடுத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். நடந்த இடத்துக்குப் போய், அந்த இடம் எப்படி இருக்கிறது என்று எழுதுவது என் வேலை. இதற்கு விதிகள் சொல்லிக் கொடுக்க எனக்கு வராது. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து மேற்கே, மலையடிவாரத்தில் ஓர் ஓடை இருக்கிறது. பெயர் வேண்டாம். மழைக்காலத்தில் பாறைகளின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் சலசலவென்று ஓடும். ஞாயிற்றுக்கிழமையானால் புளிச்சோறும் தூக்குவாளியுமாகக் குடும்பங்கள் போய் இறங்கும். ஓர் ஐப்பசி மாதம், தளவாய்புரத்துக்காரர் ஒருவர், கருப்பசாமி என்று பெயர், ராணுவத்திலிருந்து விடுமுறையில் வந்தவர், திடீரென்று இறங்கிய வெள்ளத்தில் அங்கே அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். நன்றாக நீந்தத் தெரிந்தவர். அவருக்கு முன்பும் அந்த ஓடையில் உயிர்கள் போயிருக்கின்றன.

செய்தி வந்த மறுநாளே எங்கோ ஒரு பத்திரிகையில் ‘காவு வாங்கும் ஓடை’ என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள். அது கைபேசிகளில் சுற்றியது. எங்கள் இணைப்பிதழ் ஆசிரியர் மதுரையிலிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“இந்த ஞாயிறு முதல் பக்கம் உங்களுக்குத்தான். வருஷா வருஷம் ஆள் எடுக்குற ஓடை. பின்னாடி ஏதாவது ஒரு கதை இருக்கும். கன்னித் தெய்வம், நிறைவேத்தாத நேர்த்திக்கடன், அந்த மாதிரி. விசாரிங்க. படிக்கிறவங்களுக்குக் கை நடுங்கணும்.”

“படிச்சவங்க யாரும் அங்க எறங்கக் கூடாது. அப்படித்தானே?” என்று கேட்டேன்.

“அதுவும் நல்லதுதான்,” என்றார்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். இணைப்பிதழின் பக்கங்களைக் குறைக்கப் போவதாக மேலிடத்தில் பேச்சு இருந்தது. எங்களில் யாருடைய வேலையும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு அவர் தலையில் இருந்தது. கை நடுங்க வைக்கிற கட்டுரை அவருக்குத் தேவைப்பட்டது.

புகைப்படக்காரர் ஜெபராஜும் நானும் மறுநாள் காலையில் ஓடைக்குப் போனோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு அழகான இடம். தண்ணீருக்குள் கிடக்கிற கூழாங்கல்லின் கோடு தெரிகிறது. வெயில் மரங்களுக்கு நடுவே இறங்கித் தண்ணீரில் ஆடுகிறது. ஒரு பட்ட மரம்கூடக் கண்ணில் படவில்லை. பயப்படுவதற்காகவே நான் ஒரு பாறைமேல் செத்த நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

ஜெபராஜ் நாலு பக்கமும் சுற்றிப் படம் எடுத்துவிட்டு, சலிப்போடு என்னிடம் வந்தார். “எந்தப் பக்கம் திருப்புனாலும் காலண்டர் படம் மாதிரியே விழுதுக்கா. இதப் போயி பயமா எப்பிடி எடுக்க? கருப்பு வெள்ளையில போட்டாத்தான் உண்டு.”

நாங்கள் கிளம்பப் போகும்போது பைக்குகளில் கல்லூரிப் பையன்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவன் என்னிடம் வந்து மரியாதையாகவே கேட்டான்.

“அக்கா, காவு வாங்குதுன்னு போட்டிருந்தாங்களே, அந்த எடம் எதுக்கா? இந்தப் பாறையா, அந்தப் பாறையா?”

“எதுக்குப்பா?”

“ரீல்ஸ் எடுக்கத்தான்.”

ஒருவன் ஓடையின் நடுவில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றான். இன்னொருவன் படம் பிடித்தான். பின்னணிக்குப் போடுவதற்கு ஓர் ஊளைச் சத்தம் அவர்கள் கைபேசியில் தயாராக இருந்தது. நல்ல பையன்கள்தான். வழுக்கும், பார்த்துப் போங்கக்கா என்று எனக்கே கை கொடுத்தார்கள். ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். படிக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு வேறு எங்காவது போயிருப்பார்கள்.

பேய்ப் பயத்துக்குள் ஒரு சுகம் இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அது நமக்கு நடக்காது என்கிற தைரியம் அதற்கு அடியிலேயே இருக்கிறது. நாம் எந்தச் சாமிக்கும் கடன் வைக்கவில்லை, எந்தக் கன்னிக்கும் துரோகம் செய்யவில்லை. ஆகவே பார்த்துவிட்டு வரலாம். ஆசிரியர் கேட்ட கட்டுரையை நான் நன்றாக எழுதினால், அந்த ஓடைக்கு இன்னும் நாலு பைக் கூடுதலாக வரும். மோசமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு வழி தெரியவில்லை.

அங்கிருந்து தளவாய்புரத்துக்குப் போனோம். தெருவுக்குள் நுழையும்போதே வீட்டுக்கு வீடு தையல் மிஷின் சத்தம். நைட்டி தைக்கிற ஊர் அது. கருப்பசாமியின் தங்கை மாரீஸ்வரி முன்னறையில் மிஷினில் இருந்தார். அன்றைக்கு ஓடையில் அண்ணனோடு இருந்தவர்கள் அவரும் அவருடைய சின்ன மகளும்தான். உள்ளறையில் அவருடைய அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

பத்திரிகை என்று சொன்னதும் மாரீஸ்வரி தலையை நிமிர்த்தவில்லை.

“அதான் ஒங்காளுக போட்டுட்டாவளே. இன்னும் என்ன?”

அவர் ஒரு ஓரத்தை அடித்து முடித்துவிட்டு, துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பேசினார்.

“காவுன்னு போட்டிய. அதப் படிச்சுட்டு ஒருத்தி வந்து எங்கம்மாட்ட, சாமிக்கு எதுவும் நேந்துட்டு மறந்துட்டியான்னு கேட்டுட்டுப் போயிட்டா. அன்னையில இருந்து அம்மா ஒழுங்காச் சாப்புடல. எந்தச் சாமிக்கு என்ன நேந்தோம்னு நெனச்சுக்கிட்டே கெடக்கா. அண்ணனுக்கு அம்மை போட்டப்ப நேந்தது, பட்டாளத்துக்குப் போனப்ப நேந்தது, எல்லாம் செஞ்சாச்சு. ஆனாலும் எதையோ விட்டுட்டேன், நாந்தான் எம்மவனக் கொன்னுட்டேன்ங்கா. நீங்க எழுதிட்டுப் போயிருதிய. நான் அவளுக்கு என்ன பதில் சொல்ல?”

இந்த மாதிரி நேரத்தில் நம் தொழிலில் சொல்வதற்கென்று சில வாக்கியங்கள் இருக்கின்றன. உங்கள் பக்கத்தைச் சொன்னால் மக்களுக்குப் போய்ச் சேரும் என்பது அதில் ஒன்று. அது என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

“அது நான் எழுதுனது இல்ல,” என்றேன். “ஆனா அதே மாதிரி எழுதிட்டு வரச் சொல்லித்தான் என்னையும் அனுப்பியிருக்காங்க.”

மிஷின் நின்றது. அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“பொறவு அத எதுக்கு எங்கிட்டச் சொல்லுதிய?”

“எனக்கு அப்பிடி எழுத இஷ்டமில்ல. வேற எப்பிடி எழுதன்னும் தெரியல.”

அவர் எழுந்து உள்ளே போனார். அம்மாவிடம் ஏதோ சொல்வது கேட்டது. திரும்பி வந்து எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஜெபராஜ் கேமராவை வண்டியிலேயே வைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டார்.

மாரீஸ்வரி அழாமல்தான் சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாக, அன்றைக்கு எந்த வரிசையில் கண்ணில் பட்டதோ அந்த வரிசையில் சொன்னார்.

“நல்ல வெயிலுக்கா. மேகமெல்லாம் மல உச்சியிலதான் கெடந்துச்சு, அது எப்பவும் அங்கனதான கெடக்கும். செருப்பக் காஞ்ச பாறையில கழத்திப் போட்டிருந்தோம். சோறு எடுக்க வந்தா ஒத்தச் செருப்பு நனஞ்சு கெடக்கு. எவனோ ஈரக் காலோட தாண்டிப் போயிருக்கான்னு நெனச்சேன். பொறவு இவ, எம்மக, ‘அம்மா தண்ணி டீ மாதிரி வருது’ன்னா. அண்ணன் சிரிச்சுச்சு. ‘ஒரு கிளாஸ் மோந்து குடி’ன்னுச்சு. அதுக்குப் பொறவுதான் எல வந்துச்சு.”

“காஞ்ச இலையா?”

“பச்ச எல. கொப்போட பிஞ்சு வருது. எங்க பக்கம் காத்தே இல்ல. அண்ணன் அதத்தான் பாத்துக்கிட்டே நின்னுச்சு. ரோட்டுல லாரி வார மாதிரி ஒரு சத்தம். லாரின்னுதான் நானும் நெனச்சேன். அண்ணன் பிள்ளயத் தூக்கி எங்கையில குடுத்து, ‘ஏட்டி, மேல ஏறு’ன்னுச்சு. கத்தல்லாம் இல்ல. சும்மா சொல்லுத மாதிரித்தான் சொன்னுச்சு. நான் ஏறிட்டேன். அது திரும்பிப் போச்சு.”

எதற்காகத் திரும்பிப் போனார் என்றும் சொன்னார். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் தைத்து வைத்திருந்த துணியின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, “அத மட்டும் எழுதாதிய,” என்றார். சரி என்றேன். எழுதவில்லை. இப்போது உங்களிடமும் சொல்லப் போவதில்லை.

அன்று வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அவ்வளவையும் காதால் கேட்டுவிட்டு வந்தவள் நான். இருந்தும் என் முதல் வாக்கியத்தில் மரணத்தின் நிழல் வந்து விழுந்தது. அடுத்த வாக்கியத்தில் ஓடை வாய் பிளந்தது. படித்துப் பார்த்தால் மாரீஸ்வரியின் வீட்டில் நான் கேட்டதில் ஒரு துளியும் அங்கே இல்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை ஓடை மூச்சு விட்டது.

மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் நிற்கும்போதுதான் ஒன்று புரிந்தது. மாரீஸ்வரி சொன்னபோது என்னைக் கலங்கடித்தது வெள்ளம் இல்லை. ஏறிவந்த தண்ணீர் நனைத்த அந்தச் செருப்புதான். ஏனென்றால் அந்தப் பாறையில் நான் இருந்திருந்தாலும் யாரோ தாண்டிப் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்திருப்பேன். தண்ணீர் டீ நிறத்தில் வந்தால் நானும் சிரித்திருப்பேன். வரப்போவது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சிரிக்கிறார்கள். நான் அந்த இடத்தில் புகுந்து சத்தம் போட்டால், ஐயோ ஆபத்து என்று எழுதினால், வாசகரும் அவர்களை விட்டு எழுந்து என் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுவார். அங்கே அவர் பத்திரமாக இருப்பார். அவரை அந்தப் பாறையிலேயே விட்டுவைக்க வேண்டும்.

பிறகு எழுதியது இப்படி இருந்தது:

‘செருப்புகளைக் காய்ந்த பாறையின் மேல்தான் கழற்றி வைத்திருந்தார்கள். சாப்பாடு எடுக்க வந்தபோது ஒரு செருப்பு நனைந்திருந்தது. யாரோ ஈரக் காலோடு தாண்டிப் போயிருக்க வேண்டும். தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது என்றாள் குழந்தை. மாமன் சிரித்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு இலைகள் வந்தன. சருகுகள் அல்ல. கிளையோடு பிய்ந்த பச்சை இலைகள். அங்கே காற்று இல்லை.’

கட்டுரை முழுவதும் அந்தப் போக்கில்தான். கடைசியில், அவர் குழந்தையைத் தங்கையிடம் கொடுத்தார், மேலே ஏறச் சொன்னார், திரும்பிப் போனார் என்று முடித்தேன். மலைமேல் மழை பெய்தால் கீழே எவ்வளவு சீக்கிரம் வந்து சேரும் என்று தனியாக ஒரு பத்தி. அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம், பக்கம் முடிக்கிற நேரத்தில் ஆசிரியர் கூப்பிட்டார்.

“என்ன மேடம் இது? பயம்னு ஒரு வார்த்தைகூட இல்லையே.”

“இல்ல சார்.”

“ஓடையோட கதை?”

“அந்த ஓடைக்குக் கதை இல்ல சார். மேல மழை பெய்ஞ்சா கீழ வரும்.”

“கன்னித் தெய்வம் பத்தி ஒரு பெட்டிச் செய்தி இங்க டெஸ்க்ல ஒருத்தர் எழுதித் தரேங்கிறார். அதை ஓரமா வச்சுக்கலாமா?”

“அதை வைக்கிறதுன்னா என் கட்டுரையை எடுத்துருங்க சார்.”

சொன்ன பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. கட்டுரையை எடுத்தால் முதல் பக்கம் காலி. அதை நிரப்ப அவருக்கு வேறு கட்டுரை கிடைக்கும். எனக்கு வேறு வேலை கிடைக்காது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட நேரம் இல்லை.

“சரி, அதை விடுங்க. கடைசியில ‘திரும்பிப் போனார்’னு மட்டும் நிக்குது. எதுக்குத் திரும்பிப் போனார்? அதுதானே முக்கியம். தங்கச்சி சொல்லலையா?”

“சொன்னாங்க. எழுத வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க.”

“ஒரே ஒரு வரி, மேடம். அந்த வரிக்கு ஜனங்க அழுதுருவாங்க.”

“அழுதுட்டுப் பக்கத்தத் திருப்பிருவாங்க சார். சொல்லாம விட்டா, அவங்கவங்க எதுக்குத் திரும்பிப் போவோம்னு யோசிப்பாங்க.”

அதை நான் முன்பே யோசித்து வைத்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கு இருந்தது மாரீஸ்வரிக்குக் கொடுத்த வாக்கு மட்டும்தான். அதைக் காப்பாற்ற அந்த நேரத்தில் வாயில் வந்த பதில் அது. எதிர்முனையில் அவர் அந்தப் பகுதியை மறுபடி வாசிப்பது கேட்டது. பிறகு, என்னிடம் சொல்வதுபோல இல்லாமல், மெதுவாகச் சொன்னார்.

“நானா இருந்தா செல்போனை எடுக்கத் திரும்பிப் போயிருப்பேன்.”

கட்டுரை அப்படியே வந்தது. பெட்டிச் செய்தி வரவில்லை.

சில நாள் கழித்து மாரீஸ்வரி தொலைபேசியில் பேசினார். “அம்மாக்கு ரெண்டு தடவ படிச்சுக் காட்டுனேங்கா. எல்லாத்தையும் கேட்டுட்டு, ‘மழதானா?’ன்னு கேட்டா. ‘மழதாம்மா’ன்னேன். ‘வேற ஒண்ணும் இல்லையா?’ன்னா. ‘ஒண்ணும் இல்ல’ன்னேன். பொறவு எந்திரிச்சுத் தலைக்கு ஊத்திட்டு வந்து ஒரு வாய் சாப்புட்டா.” அந்த அம்மாவின் துக்கம் குறைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. மகனைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு கிடந்தாரே, அது நின்றது. கலக்கத்தைத் தேடிப் போய் எழுதுகிறவர்கள் அந்தக் கலக்கத்தை யார் வீட்டு வாசலில் இறக்கி வைக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்களிடம் கண்டிப்பாகப் பேசுவேன். மற்றதெல்லாம் அவரவர் கை.

ஓய்வு பெற்ற பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பெண் வீட்டுக்காரர் வந்து, ஓடையைப் பற்றி எழுதியவர் இவர்தான் என்று என்னைக் காட்டினார். அந்தக் கணவர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். வேன் ஓட்டுகிறவராம்.

“நீங்கதானா அது? ஒரு ஞாயித்துக்கெழம லீவு கெடைக்கது எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா, மேடம்? பிள்ளைக கேட்டுக்கிட்டே இருந்துச்சுகன்னு அந்த ஓடைக்குக் கூட்டிட்டுப் போனேன். எறங்கிச் செத்த நேரந்தான் ஆவுது. இவ கரையில மேஞ்ச ஆட்டையே பாத்துக்கிட்டு நிக்கா. ஆடெல்லாம் மேய்ச்சல விட்டுட்டு மேட்டுப் பக்கமா ஏறுது, ஏறுங்க, ஏறுங்கன்னு எங்க எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு மேல வந்துட்டா. கேட்டா, ஒங்க கட்டுரையப் படிச்சதுல இருந்து மனசு ஒரு மாதிரி இருக்குங்கா.”

நான் எழுதியதில் ஆடு எதுவும் இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

“தண்ணி வந்துச்சா?” என்று கேட்டேன்.

“எங்க வந்துச்சு? சாயங்காலம் வரைக்கும் கணுக்காலுக்குத்தான் ஓடிச்சு. மத்தவிய எல்லாம் ஆட்டம் போட்டுக்கிட்டுக் கெடக்காவ. நாங்க மட்டும் மேட்டுல உக்காந்து வேடிக்க பாத்துட்டு வாரோம். பிள்ளைக வீடு வர ஒரே அழுக.”

அந்தப் பெண் அதுவரை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. சின்னவளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார்.

“தண்ணி வந்திருந்தா இவிய இப்ப ஒங்ககிட்டச் சடைச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாவ.”

அந்தக் கணவர் மனைவியைப் பார்த்தார். இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார். பிறகு சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, முதலில் அவர்களுக்கு ஊற்றச் சொன்னார்.